வயிற்றுக்குள் ஒரு விளக்கு – 14: கூடையில் சிக்கிய கல்

பெர்லின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்புக் 1882 ஜூலை 15 அன்று ஒரு நோயாளியின் பித்தப்பையை முழுசாக அறுத்தெடுத்தார். பித்தப்பை இல்லாமலே மனிதன் சாப்பிட்டு நடமாடி உயிர்வாழ முடியும் என்று நிரூபித்தார். அதைச் சென்ற இதழில் பார்த்தோம். பையை எடுத்தாயிற்று, கதை முடிந்தது என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். ஆனால் கல் பையிலேயே உட்கார்ந்திருந்தால்தானே பையோடு போகும்? சில கற்கள் பையிலிருந்து வழுக்கிக்கொண்டு பித்தநாளத்துக்குள் இறங்கிவிடுகின்றன. தொல்லை அங்கேதான்.

பித்தப்பை போனால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பித்தநாளம் அடைத்தால் சமாளிக்காது. கல்லீரலில் ஊறும் பித்தம் குடலுக்கு வந்துசேர அது ஒன்றுதான் வழி. வழி அடைபட்டால் பித்தம் திரும்பி ரத்தத்தில் கலக்கிறது. கண் மஞ்சளாகிறது, சிறுநீர் தேநீர் நிறத்துக்குப் போகிறது, மலம் வெளுக்கிறது, ராத்திரியெல்லாம் உடம்பு அரிக்கிறது. நம்மூரில் காமாலை என்றால் முதலில் கீழாநெல்லியைத் தேடுவார்கள். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானே தணிகிற நோய் என்பதால் கீழாநெல்லிக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. அடைப்புக் காமாலையில் அந்தச் சலுகை இல்லை. தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்தால் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வலியும் காமாலையும் ஒன்றாக வரும். பாரிசின் ஷார்கோ இந்தக் கூட்டணியை 1877-லேயே எழுதிவைத்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் இதை மனப்பாடம் செய்கிறார்கள்.

1890-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் லுட்விக் கூர்வாசியே பித்தநாளத்தையே கீறிக் கல்லை எடுத்தார். கீறிய இடத்தில் பித்தம் கசியாமலிருக்க ஜெர்மானியர் ஹான்ஸ் கேர் ‘டி’ வடிவ ரப்பர் குழாய் ஒன்றை வைத்தார். நாளத்துக்குள் குறுக்குக் கால், வயிற்றுச்சுவர் வழியாக வெளியே நெடுங்கால். அர்ஜென்டினாவின் பாப்லோ மிரிஸி, அறுவை மேசையிலேயே நாளத்துக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் வழக்கத்தை 1930-களில் கொண்டுவந்தார். இத்தனைக்குப் பிறகும் சில கற்கள் கண்ணில் படாமல் தங்கிவிடும். ஆறு மாதமோ ஆறு வருடமோ கழித்து நோயாளி மறுபடி மஞ்சளாக வந்து நிற்பார். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். முதல் அறுவையில் ஒட்டிப்போன குடலையெல்லாம் பிரித்துக்கொண்டு நாளத்தைத் தேட வேண்டும். வந்தவர் எண்பது வயதுக்காரர், கூடவே காய்ச்சல், இதயக் கோளாறு என்றால் அறுவை மருத்துவரின் கை தயங்கும். இந்த இதழின் கதை அந்தத் தயக்கத்திலிருந்து தொடங்குகிறது.

வயிற்றைத் திறக்காமல் பித்தநாளத்துக்குப் போக இயற்கை ஒரே ஒரு வாசலைத்தான் வைத்திருக்கிறது. இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலின் உட்சுவரில், சுண்டுவிரல் நுனி அளவுக்கும் குறைவான ஒரு சிறு மேடு. பித்தநாளமும் கணையநாளமும் வந்து சேர்ந்து அதன் உச்சியிலுள்ள துளை வழியாகத்தான் குடலுக்குள் திறக்கின்றன. ஜெர்மனியின் விட்டன்பர்கில் ஆப்ரஹாம் ஃபாட்டர் 1720-ல் விவரித்த மேடு இது; நூல்களில் அவர் பெயரால் நிற்கிறது. பித்தவாய் என்று நாம் வைத்துக்கொள்வோம்.

அந்த வாயைச் சுற்றி ஒரு சுருக்குத்தசை உண்டு. அதை 1887-ல் விவரித்தவர் ருஜெரோ ஒட்டி. அப்போது அவர் இத்தாலியின் பெரூஜா நகரில் 23 வயது மருத்துவ மாணவர். முப்பது வயதில் ஜெனோவாவில் உடலியங்கியல் துறைக்கே தலைவரானார். பிறகு போதைப்பழக்கம், பதவி இழப்பு, பெல்ஜியக் காங்கோவில் மருத்துவர் வேலை என்று அலைந்து 1913-ல் டூனிஸில் இறந்தார். உலகமெங்கும் நாள்தோறும் உச்சரிக்கப்படும் பெயர். அதற்குரிய மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த வாய்க்குள் குழாய் விடுவதில் என்ன சிரமம்? முதலில், அது பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது. நேரே பார்க்கும் எண்டோஸ்கோப்பில் ஓரமாகக் கண்ணில் பட்டு மறைந்துவிடும். அடுத்து, துளைக்குள் நுழைந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கல்லீரலை நோக்கி, மற்றது கணையத்துக்குள். நமக்கு வேண்டியது முதல் வழி. குழாய் எளிதாகப் போவதோ பெரும்பாலும் இரண்டாவதில். கணையம் தொட்டாற்சிணுங்கி உறுப்பு. தேவையில்லாமல் சீண்டினால் வீங்கி, தன் செரிமானச் சாறாலேயே தன்னைச் செரிக்கத் தொடங்கிவிடும். அந்த அழற்சியில் ஆளே போய்விடலாம். ஆக, கல்லைத் தேடி வந்தவர் கணையத்தில் தீ வைத்துவிட்டுப் போகும் அபாயம் முதல் நாளிலிருந்தே இந்தச் சிகிச்சையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

லண்டனில் ஹாப்கின்ஸும், பஞ்சாபிலிருந்து போன நரீந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கட்டின் வழியே படத்தைக் கடத்திக் காட்டிய 1954-ஐயும், மிச்சிகனில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த நுட்பத்தில் செய்த வளையும் எண்டோஸ்கோப்பைத் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்த 1957-ஐயும் பதினோராவது இதழில் விரிவாகச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து 11 ஆண்டு தாண்டுவோம்.

1968. வாஷிங்டன் நகரின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்யூன் என்ற அறுவை மருத்துவர். கையிலிருந்த எண்டோஸ்கோப்பின் பக்கத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்துக் கட்டி, பித்தவாய்க்குள் அதைச் செருகப் பார்த்தார். முயன்றது 50 பேரிடம். ஏறக்குறைய நால்வரில் ஒருவரிடம்தான் குழாய் உள்ளே போனது. இவ்வளவு தோல்வியை ஒளிக்காமல் எழுதி, பெயர்பெற்ற அறுவை இதழில் வெளியிடவும் செய்தார். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது இதுதான். அமெரிக்கர்கள் படித்துவிட்டு, ‘நல்ல வித்தை’ என்று சொல்லி மூடிவைத்தார்கள். ஜப்பானியர்கள் படித்துவிட்டுக் கருவியை மாற்றினார்கள்.

ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. அதனால் எண்டோஸ்கோப் செய்வோரும் அதைக் கையாள்வோரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள். மச்சிடா, ஒலிம்பஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. டோக்கியோவில் இதாரு ஓயி முதலானவர்களின் யோசனையில் 1969, 70 வாக்கில் வந்த டுவோடினோஸ்கோப்பில், அதாவது முன்சிறுகுடலுக்கான எண்டோஸ்கோப்பில், இரண்டு மாற்றங்கள் இருந்தன. கண் நுனியில் இல்லை, பக்கவாட்டில் இருந்தது. அதனால் பித்தவாய் நேருக்கு நேராகத் தெரிந்தது. அடுத்தது, குழாய் வெளியே வரும் இடத்தில் ஒரு சின்னத் தூக்கித்தட்டு. கைப்பிடியில் ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்தத் தட்டு எழும்பி, குழாயின் நுனியை மேலே வளைத்துப் பித்தநாளத்தின் திசைக்குத் திருப்பும். நான்கில் ஒன்றாக இருந்த வெற்றி, பழகிய கைகளில் பத்தில் எட்டு, ஒன்பது என்றானதற்கு இந்தத் தட்டுதான் பெரிய காரணம்.

கொஞ்சம் முன்னால் ஓடிப்போய் இந்தத் தட்டின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அசையும் பாகம் என்றால் இடுக்கு இருக்கும். இடுக்கு இருந்தால் அழுக்கு தங்கும். நாற்பது ஆண்டுக்குப் பிறகு, விதிப்படி கழுவிக் கிருமிநீக்கம் செய்த டுவோடினோஸ்கோப்புகளின் வழியாகவே பல மருந்துகளுக்கும் மசியாத கிருமிகள் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குப் போவது தெரிந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 பிப்ரவரியில் எச்சரிக்கை விட்டது: கருவியின் அமைப்பே சுத்தம் செய்வதற்குத் தடையாக இருக்கக்கூடும். குற்றவாளி அதே தூக்கித்தட்டின் இடுக்கு. நுனி மூடியைக் கழற்றி எறியும் மாதிரிகள் வந்தன. 2019 டிசம்பரில் ஒரே நோயாளிக்குப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடும் முழு டுவோடினோஸ்கோப்புக்கும் அனுமதி கிடைத்தது. விலையை நினைத்தால் நம் நாட்டு அரசு மருத்துவமனைக்கு அது எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை.

சரி, 1971-க்குத் திரும்புவோம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் இளம் மருத்துவர் பீட்டர் காட்டன் ஜப்பானுக்குப் போய், நீகாட்டாவில் கசுவேய் ஓகோஷியிடம் இந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஈ.ஆர்.சி.பி.’ என்ற நாலெழுத்து இருந்தது: எண்டோஸ்கோப் வழியே பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் எக்ஸ்ரே எடுக்கும் முறையின் ஆங்கிலச் சுருக்கம். இன்று நம்மூர் மருத்துவமனைத் தாழ்வாரங்களில்கூட ‘அப்பாவுக்கு ஈஆர்சிபி போட்டிருக்கு’ என்று பேசிக்கொள்கிறார்களே, அதே எழுத்துகள். அதே காலத்தில் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வென்னஸ், சில்விஸ் இருவரும் இதை நிலைநாட்டினார்கள். ஆனால் இதெல்லாம் இன்னும் படம் பிடிப்பதோடு நின்றது. குழாய் வழியே மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் நாளம் மரம்போல் விரியும், நடுவில் கல் கருப்பாகத் தெரியும். ‘இதோ கல்’ என்று காட்டிவிட்டு, எடுக்க அறுவை மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

எடுக்கும் வழி 1973-ல் உலகின் இரண்டு மூலைகளில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்தது. ஜெர்மனியின் எர்லாங்கனில் மைன்ஹார்ட் கிளாசன், லுட்விக் டெம்லிங். ஜப்பானின் கியோட்டோவில் கெய்இச்சி கவாய். இரு தரப்பின் கட்டுரைகளும் 1974-ல் வெளியாயின. எர்லாங்கன் கருவி எளிமையான ஒன்று: மெல்லிய டெஃப்லான் குழாய், உள்ளே ஒரு கம்பி; நுனிக்கருகே மட்டும் கம்பி சில சென்டிமீட்டர் வெளியே தெரியும். பின்னாலிருந்து இழுத்தால் குழாய் வில்லாக வளையும், கம்பி நாணாக விறைக்கும். அந்த நாணில் மின்சாரம் பாய்ந்தால் தசை அறுபடும்.

அந்த அறைக்குள் ஒரு நிமிடம் போய்ப் பார்க்கலாம். நோயாளி எக்ஸ்ரே மேசையில் குப்புறப் படுத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பியிருக்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் ஈயக் கவசம் கட்டியிருக்கிறார்கள். டுவோடினோஸ்கோப் இரைப்பையைக் கடந்து குடலுக்குள் நுழைந்ததும், மருத்துவர் அதை மேலும் தள்ளுவதில்லை. வலப்பக்கம் முறுக்கிக்கொண்டே வெளியே இழுக்கிறார். இரைப்பைக்குள் சுருண்டு கிடந்த குழல் நிமிர்கிறது. வெளியே இழுக்க இழுக்க நுனி உள்ளே முன்னேறி, பித்தவாய்க்கு எதிரே போய் நிற்கும். பழகாதவர்களால் நம்ப முடியாத விஷயம் இது. பிறகு கம்பி உள்ளே போகிறது. போனது பித்தநாளமா கணையநாளமா என்று எக்ஸ்ரேயில் உறுதிசெய்துகொண்டு, கடிகார முள் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே காட்டும் திசையில், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெட்டு. தசை வெளுக்கும், லேசாகப் புகையும், திடீரென்று பித்தம் பீறிட்டு வரும். அதிகம் வெட்டினால் குடலுக்குப் பின்னால் ஓட்டை. குறைத்து வெட்டினால் கல் வெளியே வராது. ரத்தக்குழாய் குறுக்கே இருந்தால் ரத்தம். இந்த வெட்டைப் பற்றி அந்நாளைய அறுவை மருத்துவர்கள் பேசிய கடுஞ்சொற்களில் பாதி நியாயமானவை. ஆயினும் அவர்கள் மேசையில் படுக்கவைக்கத் தயங்கிய கிழவர்கள் எர்லாங்கனில் இரண்டொரு நாளில் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். விவாதத்தை முடித்துவைத்தது அதுதான்.

1973-ல் இன்னொன்றும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ரே மருத்துவர் யோவாகிம் பர்ஹென், கேரின் ‘டி’ குழாய் விட்டுச்சென்ற துளை வழியாகவே வளையும் குழாயை அனுப்பித் தங்கிய கற்களைப் பிடித்தார். நல்ல முறை. ஆனால் ஏற்கெனவே ‘டி’ குழாய் வைத்தவர்களுக்குத்தான் அது உதவும்.

வாசல் திறந்தாயிற்று. கல்லைப் பிடித்து இழுக்க ஒரு கூடை வேண்டும். சிறுநீர்க்குழாய்க் கற்களுக்காக இத்தாலியின் என்ரிகோ டோர்மியா ஏற்கெனவே செய்துவைத்த கம்பிக்கூடை கைக்கு வந்தது. உறைக்குள் மூடியபடி போய், நாளத்துக்குள் நான்கு கம்பிகளாக விரியும். கல் இடைவெளியில் விழுந்ததும் சுருக்கி இழுக்க வேண்டியதுதான். பத்தில் ஒன்பது பேருக்குக் கதை இங்கே சுபமாக முடிந்துவிடும். மீதி ஒருவருக்காகத்தான் அடுத்த நாற்பது ஆண்டும் இத்தனை கருவிகள். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிய கல், நாளத்தை அச்சாக நிரப்பி உட்கார்ந்த கல், குறுகிப்போன பகுதிக்கு மேலே மாட்டிய கல், கல்லீரலின் கிளைகளுக்குள் புகுந்த கல், பித்தப்பையின் கழுத்திலிருந்தே பக்கத்து நாளத்தை நசுக்கும் கல் (இந்தக் கடைசிக்கு மிரிஸியின் பெயர்). இவையே ‘கடினமான கற்கள்’.

சாடிக்குள் கைவிட்டுக் கொட்டையை இறுக்கிப் பிடித்த குரங்கின் கதை எல்லாருக்கும் தெரியும். பெரிய கல்லைக் கூடையில் பிடித்த மருத்துவருக்கு நேர்ந்ததும் அதேதான். கல்லோடு கூடை வாசலில் வந்து நிற்கும், வெளியே வராது. விடலாமென்றால் கம்பிகள் கல்லில் பதிந்து, கூடை திறக்காது. நோயாளியின் வாய்வழியே கம்பி தொங்கிக்கொண்டிருக்க, அறுவை அரங்குக்கு ஆள் அனுப்ப வேண்டிய நிலைமை.

இதற்கு ஹாம்பர்கில் ஒரு மனிதர் முரட்டுத்தனமான, ஆனால் அழகான வழி கண்டார். நிப் சோஹேந்திரா, இந்தோனேசியாவில் பிறந்து ஜெர்மனிக்கு வந்து அறுவை மருத்துவரானவர். அவருடைய முறை இது: கூடையின் கைப்பிடியை வெட்டி எறிந்துவிடு. எண்டோஸ்கோப்பைக் கம்பியின் மேலாக உருவி வெளியே எடு. இப்போது கம்பி மட்டும் வாயிலிருந்து பித்தநாளம் வரை கிடக்கிறது. அதன்மேல் உலோகச் சுருள் உறை ஒன்றைக் கோத்து, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே கல்வரை தள்ளு. வெளியே கம்பியின் முனையை ஒரு திருகு கைப்பிடியில் மாட்டிச் சுற்று. கம்பி இறுக, கல் உலோக உறையின் வாயில் நசுங்கி உடையும். சில சமயம் கல்லுக்குப் பதில் கம்பி அறும்; அப்போதும் கூடை விடுபட்டால் லாபம்தான்.

ஆபத்து வந்தபிறகு உடைப்பதைவிட, உடைக்கும் ஏற்பாட்டோடேயே உள்ளே போனால் என்ன? எர்லாங்கனில் ரீமான், சொய்பர்ட், டெம்லிங் மூவரும் 1982-ல் உலோக உறை சேர்ந்த உடைப்புக்கூடையைக் கொண்டுவந்தார்கள். கடினமான கற்களில் பெரும்பங்கு இந்த இயந்திரப் பிடிக்கு அடங்கியது. அடங்காதவை மிகப் பெரியவை. காரணம், கூடை கல்லைச் சுற்றி விரியவே நாளத்துக்குள் இடமிருக்காது. பிடிக்க முடியாததை எப்படி நசுக்குவது?

பிடிக்காமல் உடைக்கும் வழிகள் எதிர்பாராத திசைகளிலிருந்து வந்தன. விமானம் செய்யும் டோர்னியர் நிறுவனத்தின் அதிர்வலை இயந்திரம் 1980-ல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்தே உடைத்தது. அதே நகரில் சவர்புருக், பவும்கார்ட்னர் குழு பித்தக் கற்களை நோக்கி அதைத் திருப்பி, 1986-ல் முடிவுகளை வெளியிட்டது. பித்தநாளக் கல் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தானாகத் தெரியாது. மூக்கு வழியே நாளம்வரை ஒரு மெல்லிய குழாய் வைத்து, அதில் மருந்து செலுத்தித்தான் குறிபார்க்க வேண்டும். சோவியத் பொறியாளர் லெவ் யுட்கின் ஆராய்ந்த, நீருக்குள் மின்பொறி தட்டி அதிர்வலை எழுப்பும் உத்தியும் வந்தது. பிறகு லேசர். இவை இரண்டிலும் ஒரு சிக்கல்: பொறி கல்லில் படாமல் சுவரில் பட்டால் நாளம் ஓட்டையாகும். கண்ணால் பார்த்துத்தான் சுட வேண்டும்.

அதற்காகத் தாய்க் குழலுக்குள் சேய்க் குழல் நுழைந்தது. பித்தநாளத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கும் மெல்லிய எண்டோஸ்கோப் 1976-லேயே ஜப்பானிலும் ஜெர்மனியிலும் முயலப்பட்டது. தாயை ஒருவரும் சேயை ஒருவருமாக இரண்டு நிபுணர்கள் ஒத்திசைந்து இயக்க வேண்டும். சேய்க் குழலோ தொட்டால் ஒடியும் ரகம். தூக்கித்தட்டை யோசிக்காமல் ஒருமுறை உயர்த்தினால் போதும், இழைகள் முறிந்துவிடும். ஒருவரே இயக்கக்கூடிய ‘ஸ்பைகிளாஸ்’ 2007-ல் வந்தபிறகுதான் இது பெரிய மருத்துவமனைகளின் அன்றாட வேலையானது.

இத்தனை நுட்பங்களுக்கு நடுவே ஒரு பலூன் எல்லாரையும் குழப்பியது. ஜெர்மனியின் மைன்ஸில் ஸ்டாரிட்ஸ் குழு 1980-களின் தொடக்கத்தில் கேட்ட கேள்வி: வெட்டவே வேண்டாம், பலூனை ஊதிச் சுருக்குத்தசையை விரித்தால் போதாதா? வெட்டில்லை, ரத்தமில்லை, தசையும் பிழைக்கும். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து வெட்டையும் பலூனையும் ஒப்பிட்டு 2004-ல் முடிவை வெளியிட்டன. பலூன் பிரிவில் இருவர் கணைய அழற்சியால் இறந்தார்கள். ஆய்வு இடைவழியில் நிறுத்தப்பட்டது. பலூன் செத்தது என்றே நினைத்தோம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே துருக்கியின் எர்சோஸ் குழு வேறொன்றைச் செய்திருந்தது: முதலில் வெட்டு, பிறகு 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை விரியும் பெரிய பலூன். சின்னப் பலூனே கொல்லும்போது பெரிய பலூனா என்றுதான் யாருக்கும் தோன்றும். வெட்டு முதலில் பித்தநாளத்தின் பக்கம் வழி பிரித்துவிடுவதால் பலூனின் அழுத்தம் கணையத்தின் வாயை விட்டு விலகிப்போகிறது என்பது பலரும் தரும் விளக்கம். முழுக் கல் முழுசாகவே வெளியே உருண்டு வந்தது. உடைப்புக்கூடைக்கு இன்று வேலை குறைந்துபோனதற்கு இந்தச் சேர்க்கையே முதல் காரணம்.

எந்த உத்தியும் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதற்கு காஷ்மீர் சாட்சி. ஸ்ரீநகரின் முகமது சுல்தான் குரூ, உருண்டைப்புழு பித்தநாளத்துக்கும் கணையத்துக்கும் ஏறிச்சென்று நோய் உண்டாக்கிய 500 பேரைப் பற்றி 1990-ல் லான்செட்டில் எழுதினார். நாக்குப்பூச்சி என்று நம்மூரில் சொல்கிற அதே புழு. பித்தவாயில் பாதி உடல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுருக்குக் கம்பியை மாட்டினால் புழு இரண்டாக அறுபட்டு, உள்ளே தங்கிய துண்டைச் சுற்றியே கல் வளரும். அதனால் அறுக்காமல் பிடித்து இழுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே வாசலை வெட்டி அகலப்படுத்த யோசிப்பார்கள். கல் வெளியே வரத் திறந்த கதவு புழு உள்ளே போகவும் திறந்த கதவுதானே.

ஹாங்காங்கின் அனுபவம் வேறு. கல்லீரல் கிளைகளிலேயே பழுப்புக் கற்கள் உண்டாகிச் சீழ் பிடிக்கும் நோய் அங்கே ஊரின் பெயராலேயே அறியப்பட்ட அளவுக்கு மிகுதி. கடுமையான பித்தநாளச் சீழோடு வருகிறவர்களை உடனே அறுவைக்குக் கொண்டுபோவதா, எண்டோஸ்கோப்பியால் சீழை மட்டும் வடித்துவிடுவதா? லாய் குழு 82 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்து 1992-ல் விடை சொன்னது. அறுவைப் பிரிவில் 32 சதவீதம் பேர் இறந்தார்கள். எண்டோஸ்கோப்பிப் பிரிவில் 10 சதவீதம். கல்லை அன்றே எடுத்தாக வேண்டியதில்லை, பித்தம் வடிந்தால் போதும், கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பாடம் அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. இந்தத் துறையின் மொத்த வரலாற்றிலும் ஓர் ஆய்வைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கணையம் மட்டும் கடைசிவரை பணியவில்லை. 17 மருத்துவமனைகளில் வெட்டுச் சிகிச்சை பெற்ற 2,347 பேரை ஆராய்ந்து மார்ட்டின் ஃப்ரீமன் குழு 1996-ல் வெளியிட்ட கணக்கில், சிக்கல் வந்தவர்கள் 9.8 சதவீதம், கணைய அழற்சி மட்டும் 5.4 சதவீதம். வீரியமான மருந்துகள் பல முயன்று தோற்றன. கடைசியில் ஓரளவு கைகொடுத்தது பழைய வலிநிவாரணி இண்டோமெத்தசின், அதுவும் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையாக. அழற்சி வரும் வாய்ப்பு மிகுந்த 602 பேரிடம் 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, அழற்சி 16.9-லிருந்து 9.2 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. லட்சக்கணக்கில் விலைபோகும் குழல்களும் லேசரும் நிறைந்த அறையில், அதிகம் பேரைக் காப்பாற்றும் பொருள் மருந்துக்கடை டப்பாவில் கிடக்கும் மலிவான மாத்திரையாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

எடுக்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது, நோயாளியோ தாங்கமாட்டார் என்ற நிலை ஒன்று உண்டு. அதற்குச் சோஹேந்திராவின் இன்னொரு யோசனை உதவியது. 1979-ல் அவர் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை எண்டோஸ்கோப் வழியே பித்தநாளத்துக்குள் தள்ளி, ஒரு முனை அடைப்புக்கு மேலேயும் மறுமுனை குடலிலுமாக விட்டுவந்தார். முதலில் வைத்தது கல்லுக்காக அல்ல, புற்றுநோய் அடைத்த நாளத்துக்காக. பித்தம் குழாய் வழியே குடலுக்கு ஓடியது. சில நாளில் மஞ்சள் இறங்கியது. கல் இருந்தவர்களுக்கும் இதை வைத்துப் பார்த்தபோது, குழாயோடு உரசியே சில கற்கள் சிறுத்துப்போய், பின்னர் எளிதாக வெளியே வந்தன.

ஆனால் குழாயின் உள்விட்டம் மூன்று மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. எண்டோஸ்கோப்பின் உள்துளை அதற்குமேல் இடம் தரவில்லை. குழாயின் உட்சுவரில் கிருமிகள் படலம் கட்டின, அதில் பித்தக் கசடு ஒட்டியது. மூன்று நான்கு மாதத்தில் அடைத்துக்கொண்டது. நோயாளி குளிர்நடுக்கத்தோடு திரும்பி வந்தார். ஆம்ஸ்டர்டாமில் ஹைப்ரெக்ட்ஸும் டிட்காட்டும் எண்டோஸ்கோப்பின் துளையையே பெரிதாக்கச் சொல்லிக் கேட்டு, அதன் வழியே பருமனான குழாய்களை 1982-க்குள் வைத்துக் காட்டிவிட்டார்கள். அதுவும் போதாமல் போய், மடக்கிய நிலையில் உள்ளே நுழைந்து தானாக ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு விரியும் உலோக வலைக்குழாய் ஒன்று அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்து சேர்ந்தது. உள்ளே வைக்க எளிது, திரும்ப எடுக்க முடியாது. அந்த வில்லங்கத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)